ஒப்புக்கொடுத்த நோவு

குடும்ப டொக்டரிடம் என்ன சொல்வது என்று அருமைநாயகி வீட்டிலேயே மனதுக்குள் ஒழுங்கு பண்ணிக்கொண்டுதான் புறப்பட்டாள். மகள் அஜந்தினி பள்ளிக்கூடம் போகிற அவசரத்திலும், சப்பாத்தைப் போட்டபடி டேனிஷில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். “அப்பாவுக்கு உள்ளே வைத்த வலையைப் பற்றி மட்டும் கதையுங்கள் அம்மா. வேறு எதையும் தொடாதீர்கள். சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவ்வளவுதான்.”

ஐந்து வருடத்துக்கு முதல் அவள் கணவர் நீக்கிலாசுக்கு வலது தொடை இடுக்கில் குடலிறக்கம் கண்டது. டென்மார்க்கில் ஸ்கீவ ஊருக்கு வெளியே இருந்த பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வருடக்கணக்காகத் துண்டம் தூக்கியதால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் மருத்துவமனைக்குப் போனார். வெட்டித் தைத்து, பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தசை விலகின இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வலையை வைத்திருப்பதாகவும், வெறும் நூலால் தைத்தால் திரும்ப வரும், வலை வைத்தால் வராது என்றும் விளங்கப்படுத்தினார்கள். மன்னார்க் கரையில் பிறந்த நீக்கிலாஸ் அதை வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பகிடி விட்டார்.

“தலைமுறை தலைமுறையா மீனுக்கு வலை போட்ட ஆக்கள் நாங்கள். கடைசியில டேனிஷ்காரன் எனக்கே போட்டிட்டான்.”

பகிடி ஒரு வருடம்தான் ஓடியது. பிறகு அந்த இடத்தில் யாரோ உள்ளே நின்று நூலைப் பிடித்து இழுப்பதுபோல ஒரு நோவு தொடங்கியது. பிறகு நூல் போய், கல் ஒன்று செருகினதுபோல ஆனது. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் இடுக்கை அமத்திக்கொண்டு தும்மினார். இடுப்புப் பட்டியை விட்டு, இலாஸ்டிக் வைத்த களிசானுக்கு மாறினார். காரில் போகும்போது சீட் பெல்ட்டின் கீழ்ப் பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையில் துவாயை மடித்துச் செருகினார். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் எல்லோரும் முழந்தாளில் நிற்க, இவர் மட்டும் வாங்கில் குந்தியிருந்தார். “காசு வந்தவுடன முழந்தாள் மடங்குதில்லை” என்று ஒருத்தி அருமைநாயகியின் காதுபடச் சொன்னாள். எங்கே நோகிறது என்பதை அந்தப் பெண்ணிடம் அவள் எப்படிச் சொல்வாள்? கட்டில் வரைக்கும் வந்துவிட்ட நோவு அது.

டொக்டரிடம் போகாமல் இல்லை. வருடா வருடம் போனார்கள். ஒரு முறை மேலோட்டமாக ஸ்கேன் பண்ணிப் பார்த்து, குடல் திரும்ப இறங்கவில்லை, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்றார்கள். வெட்டின இடத்தில் நரம்பு கொஞ்ச நாள் முறையிடும், பழகிவிடும் என்று நோவு தணிக்கும் குளிசை தந்தார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அருமைநாயகிக்கு நோவுகளோடு பழக்கம் உண்டு. பழகிப்போகிற நோவு எது, வளருகிற நோவு எது என்று அவளுக்குத் தெரியும். இது வளர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெட்டத் தெரிந்த ஒருவர் அந்த வலையை ஒருதரம் ஒழுங்காகப் பார்க்கவேண்டும்.

2009 பெப்ரவரி. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. டொக்டர் ஹென்றிக் நல்ல மனிதர். கை குடுத்து இருக்கச் சொல்லிவிட்டு, நீக்கிலாசைப் பார்த்து நித்திரை எப்படி என்று கேட்டார். நீக்கிலாஸ் தன் தொழிற்சாலை டேனிஷில், “மோசம்” என்றார். டொக்டர் அருமைநாயகியின் பக்கம் திரும்பினார்.

அங்கேதான் அவள் வழி தவறினாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தில், ஒரு கந்தோரில் காரியம் நடக்கவேண்டுமென்றால் முதலில் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லவேண்டும். எதிரில் இருப்பவருக்கு மனம் இளகினால்தான் கை எழுதும். வெறும் கையோடு போய் இதைத் தா என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஆகவே அவள் சொன்னாள். இவருடைய தம்பி பேனாட், மனைவி பிள்ளைகளோடு வன்னியில் அகப்பட்டிருக்கிறான், சுற்றிவரச் சண்டை, தை மாதத்துக்குப் பிறகு தொலைபேசி இல்லை, இவர் விடிந்தால் பொழுதுபட்டால் ரீவிக்கு முன்னால்தான். இன்னும் இளகட்டும் என்று, கலியாணத்துக்கு முதல் நடந்ததையும் சொன்னாள். கடலில் வைத்து நேவி பிடித்துக்கொண்டுபோய் இவரை அடித்தது.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

“அடி உடம்பில் எங்கே விழுந்தது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இடுப்பில” என்றார் நீக்கிலாஸ்.

டொக்டர் தலையை ஆட்டினார். எல்லாம் விளங்கிவிட்ட தலையாட்டல். அன்று அவர் கடிதம் எழுதத்தான் செய்தார். அது சத்திரசிகிச்சை நிபுணருக்கு அல்ல. போரில் பாதிக்கப்பட்டவர்களோடு கதைக்கும் உளவியலாளருக்கு. அருமைநாயகி வலையைப் பற்றி எடுத்துச் சொல்லப் பார்த்தாள். அவர் இரக்கத்தோடு கேட்டார். “பயங்கரமான நினைவுகளை உடம்பு எங்காவது ஒளித்து வைக்கும், அருமை. உங்கள் கணவரின் நோவு உண்மையானது. நான் நம்புகிறேன். ஆனால் அதை வெட்டி எடுக்க முடியாது.”

நம்புகிறேன் என்று சொல்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பின்னேரம் அஜந்தினி விஷயத்தைக் கேட்டு முதுகுப்பையை நிலத்தில் போட்டாள். “நான் என்ன சொன்னேன்? போரைப் பற்றி ஏன் கதைத்தீர்கள்? இனி அப்பாவுக்குப் பல்லு நொந்தாலும் போர்தான் என்பார்கள்.”

“பாவம் பாத்துச் செய்வார் எண்டு நினைச்சன் பிள்ளை.”

“பாவம் பார்த்துத்தான் செய்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போனாள்.

உளவியலாளரிடம் நீக்கிலாஸ் ஒழுங்காகப் போய்வந்தார். அருமைநாயகி எதிர்பார்க்காதது, அவருக்கு அது பிடித்துப்போனது. “நல்ல மனிசி. ஒரு மணித்தியாலம் பேனாட்டைப் பற்றிக் கேட்டது. சின்னனில அவன் வள்ளத்தில இருந்து விழுந்ததைக்கூடச் சொன்னன். இஞ்ச ஆர் எங்களிட்டை இப்பிடிக் கேக்கினம்?”

“நோவைப் பற்றிக் கேக்கேல்லையோ?”

“கேட்டது. நோவுக்கு ஒரு நிறம் சொல்லச் சொல்லிச்சுது.”

“என்ன சொன்னியள்?”

“பச்சை எண்டன். வலை பச்சை நிறம்தானே” என்று சிரிக்கப் பார்த்து, பாதியில் இடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் விபூதிப் புதன் வந்தது. தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் என்று வீட்டில் கதை வந்தபோது, அஜந்தினி சொக்லேட்டை விடுவதாகச் சொன்னாள். நீக்கிலாஸ் எழுந்து ரீவியடிக்குப் போனார். சில நாள் கழித்து, குளியலறை அலுமாரியில் நோவுக் குளிசைப் பெட்டி குறையாமல் இருப்பதை அருமைநாயகி கண்டாள்.

“இஞ்சேருங்கோ, குளிசை போடுறேல்லையோ?”

“இல்லை.”

“ஏன்?”

அவர் ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “ஒப்புக்கொடுத்திருக்கிறன்.”

அந்தச் சொல்லை அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோயிலுக்குப் போய் வளர்ந்தவள். பட்ட பாட்டைக் கடவுளிடம் இன்னொருவருக்காகக் கொடுப்பது. பிரசவ நோவை, காய்ச்சலை, பசியைக் கொடுப்பது. அவளும் கொடுத்திருக்கிறாள். ஆனால் அது வந்த நோவைக் கொடுப்பது. மருந்தை நிறுத்தி வைத்துக் கொடுப்பதல்ல.

“அங்க பிள்ளையள் பங்கருக்குள்ள தண்ணியில்லாமல் கிடக்குதுகள். நான் இஞ்ச இருந்துகொண்டு என்னத்தைக் குடுக்கிறது? காசு அனுப்ப வழியில்லை. போன் எடுக்க வழியில்லை. இந்த ஒண்டுதான் என்னட்டை இருக்கு” என்றார்.

“பேனாட்டுக்கு உங்கட நோவு என்னத்துக்கு?”

“அது எனக்குத் தெரியாது. வாங்கிறவருக்குத் தெரியும்.”

அவளுக்குச் சத்தம் போட வாய் வந்தது. சத்தம் போட்டால், பேனாட்டின் பிள்ளைகளுக்கு எதிராகக் கதைப்பதுபோல இருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். அந்த மாதங்களில் ஸ்கீவவிலும் விபோர்க்கிலும் இருந்த எந்தத் தமிழ் வீட்டிலும் எவரும் தன் உடம்பைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்க வெட்கமாக இருந்தது.

யேசுரட்ணம் அண்ணையிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். விபோர்க்கில் இருப்பவர், கதவு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, தமிழ்ப் பூசைக்குச் செபம் சொல்பவர். நீக்கிலாஸ் ஒருவருடைய சொல்லைக் கேட்பாரென்றால் அது அவருடைய சொல். சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவரைக் கதவடிக்குக் கூப்பிட்டாள். அன்று நீக்கிலாஸ் பதினான்கு தலத்துக்கும் முழந்தாளில் நின்றிருந்தார். வாங்கின் விளிம்பைப் பிடித்த கை வெளிறிப்போய் இருந்தது.

“அண்ணை, நீங்கள் ஒருக்கா அவரோட கதையுங்கோ. குளிசை போடாமல் கிடக்கிறார். அது வெறும் நரம்பு நோவில்லை, எனக்குத் தெரியும்.”

யேசுரட்ணம் தொப்பியைக் கையில் சுற்றினார். அவருடைய கடைசித் தங்கச்சி மரியநாயகி, மடுவிலிருந்து பேனாட் குடும்பத்தோடு ஒரே உழவு மெசினில் இடம்பெயர்ந்தவள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் ஓரிடமாகவே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“அவன் செய்யிறதைச் செய்யட்டும் தங்கச்சி. எங்களாலை வேற என்ன ஏலும்?” என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், “மரியநாயகிக்கும் சேர்த்து ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறன்” என்றார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது, தவக்காலம் முடிந்தது. அஜந்தினி சொக்லேட் சாப்பிட்டாள். நீக்கிலாஸ் குளிசையைத் தொடவில்லை. “பேனாட் வெளியில வரட்டும்” என்றார்.

சித்திரை முடிவில், உடுப்புத் தோய்க்கிற அறையில் அவருடைய உள்களிசானில் ஒரு கறையை அருமைநாயகி கண்டாள். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. முகர்ந்து பார்த்தாள். முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண்களைக் கழுவுகிறவளுக்கு அந்த மணம் என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மேலே ஓடிப்போய்க் காட்டச் சொன்னாள். பழைய தழும்பின் ஓரத்தில் ஊசி முனை அளவில் ஒரு துவாரம். சுற்றிவரத் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. ஐந்து வருடத்துக்கு முதல் ஆறின புண்.

டொக்டர் ஹென்றிக் விடுமுறையில் போயிருந்தார். பதிலுக்கு வந்திருந்த இளம் டொக்டர் கணினியில் பழைய பதிவுகளை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகத்தில் அதே இரக்கம் வருவதை அருமைநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தழும்பைப் பார்த்தார். தோல் மயிர்க்காலில் வந்த சின்ன அழற்சி என்றார். கிருமியைக் கொல்லும் குளிசை எழுதினார். “அந்த வலை...” என்று இவள் தொடங்க, “ஐந்து வருடத்துக்குப் பிறகா?” என்று புன்னகைத்தார். போகும்போது, உளவியலாளரிடம் போவதை நிறுத்தவேண்டாம் என்றார்.

கிருமிக் குளிசையைப் போட வைக்கவே அவள் மன்றாடவேண்டியிருந்தது. இது நோவுக் குளிசை இல்லை, இதைப் போட்டால் ஒப்புக்கொடுத்தது குறையாது என்று ஒரு சுவாமியைப்போல விளக்கம் சொன்னாள். போட்டார். சிவப்பு இறங்கியது, துவாரம் மூடியது. மூடினதுதான் பிழையாகப் போனது. வெளியே வர வழியில்லாமல் அது உள்ளே திரும்பியது.

மே மாதம் பதினெட்டாம் திகதி, எல்லாம் முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். அஜந்தினி பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அருமைநாயகி வேலைக்குப் போகவில்லை. நீக்கிலாஸ் சோபாவில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பல்லோடு பல்லு அடிபட்டது. அவள் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். அழுகிறார், அதுதான் நடுங்குகிறார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் அவளும் டொக்டர்மாரைப் போலவே நினைத்தாள். பிறகு கழுத்தில் கை வைத்தாள். கை சுட்டது.

மருத்துவமனைக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் ராப்ஸ் என்ற கடுகுப் பயிர் வயல்கள் கண்ணைக் குத்தும் மஞ்சளாகப் பூத்திருந்தன. பின் சீற்றில் அவர் மகளின் மடியில் தலை வைத்து, பேனாட்டின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அங்கே இருந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தலைமயிரை ஆணைப்போலக் கத்தரித்திருந்தார். போரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இடுக்கை ஒருதரம் தொட்டார். உடனே படம் எடுக்க அனுப்பினார். படத்தை அருமைநாயகிக்குக் காட்டி விளங்கப்படுத்தினார். விரித்து வைத்த வலை வருடங்களில் சுருங்கி, மடிந்து, ஒரு கட்டியாக உருண்டிருந்தது. நரம்பை இழுத்துப் பிடித்திருந்தது. அதைச் சுற்றிச் சீழ். சீழ் வயிற்றின் சுவர் வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“இப்போதே திறக்கவேண்டும். வலையை எடுக்காமல் இது ஆறாது” என்றார். பிறகு கணினியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “வருடக்கணக்காக நோவு என்று இருக்கிறதே. ஏன் ஒருவரும் இப்படி ஒரு படம் எடுக்கவில்லை?”

அருமைநாயகி கணினிப் பக்கம் பார்த்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். அதே கணினியில் அவள் சொன்ன கதையும் இருந்தது.

வருடக்கணக்காக அவள் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது. நீக்கிலாஸ் கட்டிலில் கிடந்தபடி தெளிவான டேனிஷில், “வேண்டாம்” என்றார்.

டொக்டர் திரும்பக் கேட்டார். அவர் திரும்பச் சொன்னார். டொக்டர் அருமைநாயகியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். “அவர் சுயநினைவோடு மறுத்தால் நான் தொட முடியாது. நினைவு தப்பினால் வேறு. ஆனால் அதுவரை காத்திருந்தால் பிந்திப்போகலாம். ஏன் மறுக்கிறார்?”

அதை டேனிஷில் எப்படிச் சொல்வது? ஒப்புக்கொடுப்பதற்கு அந்த மொழியில் சொல் இருக்கலாம், அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், சொன்னால் மறுபடி உளவியலாளரைத்தான் கூப்பிடுவார்கள் என்று பயந்தாள்.

உள்ளே போய் அவர் கையைப் பிடித்தாள். “இஞ்சேருங்கோ. செத்துப்போவியள்.”

“முடிஞ்சுது எண்டு சொல்லுறாங்கள் அருமை. அவன் வெளியில வந்தானோ இல்லையோ தெரியாது. வந்தான் எண்டு தெரிஞ்சால் இப்பவே வெட்டட்டும். தெரியாமல் இடையில பறிச்செடுத்தா, நடுவழியில நான் அவனைக் கைவிட்ட மாதிரி.”

“எங்களை விடலாமோ? இந்தப் பிள்ளையை?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “பேனாட்டின்ர செய்தி வரட்டும்.”

அவள் நடைபாதைக்கு வந்தாள். கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கைத்தொலைபேசியை எடுத்து, மறுபக்கத்தில் யாரும் இல்லாமலே காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். குரல் நடுங்குமே என்று பயந்தாள். நடுங்கியது, நடுங்கினதே நல்லதாகப் போயிற்று.

“வவுனியாவில இருந்து ஒரு பாதர் போன் எடுத்தவர். பேனாட் வந்திட்டானாம். மனிசியும் பிள்ளையளும் வந்திட்டினமாம். செட்டிகுளம் முகாமில நிக்கினம்.”

நீக்கிலாஸ் கண்ணைத் திறந்தார். “உண்மையாவோ?”

“உண்மையா.”

அஜந்தினி கட்டிலுக்கு அந்தப் பக்கத்தில் நின்று தாயையே பார்த்தாள். தொலைபேசி மணி அடித்ததை அவள் கேட்கவேயில்லை. பிறகு குனிந்து தகப்பனின் போர்வையைச் சரிசெய்தாள்.

நீக்கிலாஸ் அழுதார். அழுகையோடு கையை நெற்றியிலும் நெஞ்சிலும் வைத்துச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு தானே டொக்டரைக் கூப்பிடச் சொன்னார். அருமைநாயகி தாதியைத் தேடிப் போனாள். அந்த இடைவெளியில், மகளின் தொலைபேசியை வாங்கி அவர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் கதைத்தார். அவள் திரும்பி வந்தபோது, “யேசுரட்ணத்தாருக்குச் சொல்லிப்போட்டன். மரியநாயகியும் அவனோடதானே வந்திருப்பாள்” என்றார். முகம் மலர்ந்திருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளால் அந்தக் கட்டிலையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. போன செய்தியையும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

ஒப்பரேசன் நெடுநேரம் எடுத்தது. முடிந்து வந்த டொக்டர் களைத்திருந்தார். சீழைக் கழுவிவிட்டோம், உயிருக்குப் பயமில்லை என்றார். வலையில் பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் தசை அதற்குள்ளாலே வளர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்ட இடம் ஒன்று இருந்தது. பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில். அதை எடுத்தால் குழாய் கிழிந்துவிடும். அந்தத் துண்டை விட்டுவிட்டோம். ஒரு நரம்பை வெட்டவேண்டி வந்தது. தொடையின் உள்பக்கம் இனி விறைத்தே இருக்கும். குடலிறக்கம் திரும்ப வரக்கூடும்.

“நோவு?” என்று அஜந்தினி கேட்டாள்.

“குறையலாம். குறையாமலும் இருக்கலாம். அதை நான் சொல்லமுடியாது.”

அடுத்த நாள் மத்தியானம் யேசுரட்ணம் வந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்; சேர்ட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது. நீக்கிலாசின் அறைக்கு வெளியே அருமைநாயகியைக் கண்டவுடன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் ஒருநாளும் பிடித்ததில்லை.

“தங்கச்சி, நான் ராத்திரி நித்திரை கொள்ளேல்லை. மன்னாருக்குப் போன் எடுத்து எங்கட றெஜினா அக்காவுக்குச் சொல்லிப்போட்டன். அவ வவுனியாவுக்குப் போக வெளிக்கிட்டு நிக்கிறா. எந்தப் பாதர் எடுத்தது? நம்பர் இருக்கோ? முகாமில எந்தப் பக்கம் எண்டு சொன்னவரோ? மரியநாயகியின்ர பேர் சொன்னவரோ?” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடதாசி இல்லாமல் உள்ளங்கையை விரித்தார். “சொல்லு, எழுதுறன்.”

அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து, யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

“அண்ணை. ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“என்ன?”

“பாதர் எடுக்கேல்லை. நான்தான் சொன்னது. அவர் வெட்ட விடமாட்டன் எண்டு கிடந்தார்.”

யேசுரட்ணத்தின் விரித்த கை விரித்தபடி இருந்தது. அது மெல்லத் தாழ்ந்தது.

“அப்ப பேனாட்?”

“தெரியாது.”

“மரியநாயகி?”

“அதுவும் தெரியாது அண்ணை.”

“நீ உன்ர மனிசனைக் காப்பாத்தினாய்” என்றார். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சரி. அது சரிதான். நானும் இதைத்தான் செய்திருப்பன். ஆனா நான் இப்ப அக்காவுக்கு என்னத்தைச் சொல்ல?”

உள்ளேயிருந்து நீக்கிலாசின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் சந்தோஷமான குரல். “ஆரது, யேசுரட்ணத்தாரோ? உள்ள வாங்கோவன்!”

அப்போது யேசுரட்ணத்தின் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே அடிக்க விட்டார். நின்றது. திரும்ப அடித்தது. அவர் அதை அருமைநாயகியிடம் நீட்டினார்.

“அக்கா. நீயே சொல்லு.”

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பஸ் ஸ்ராண்டின் சத்தம். “தம்பி, நான் பஸ்சுக்கு நிக்கிறன். பாதரின்ர பேரை விளங்கச் சொல்லு. அங்க போய்க் கேக்கவேணும்.”

“றெஜினா அக்கா, நான் அருமைநாயகி.”

“ஓ, பிள்ளை! நீதானே பாதரோட கதைச்சது? சொல்லு.”

அவள் சொன்னாள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், டொக்டர் வெட்டவேண்டும் என்றதிலிருந்து தான் சொன்ன பொய் வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, அந்தப் பக்கம் ஒரு கொண்டக்டர் வவுனியா, வவுனியா என்று கத்துவது கேட்டது. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வெளிக்கிட்டது. சத்தம் தூரமாகிப் போனது. றெஜினா அக்கா ஏறவில்லை என்று தெரிந்தது.

திட்டுவா என்று அருமைநாயகி காத்திருந்தாள். திட்டவேண்டும் என்று விரும்பினாள்.

“சரி பிள்ளை” என்றா அக்கா. இந்தப் பக்கத்தில் ஒரு நோயாளி இருப்பது நினைவுக்கு வந்ததுபோல, முறைக்குக் கேட்கவேண்டியதைக் கேட்டா. “நீக்கிலாசுக்கு இப்ப எப்பிடி? எடுத்திட்டாங்களோ அதை?”

“எடுத்திட்டாங்கள், அக்கா” என்றாள் அருமைநாயகி. “முழுக்க வரேல்லையாம்.”